கடைசிச் சொல் யாருடையது?

1649 ஜனவரி 20, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். நாடாளுமன்றத்தோடு நடந்த உள்நாட்டுப் போரில் தோற்ற இங்கிலாந்தின் அரசர் முதலாம் சார்லஸ் குற்றம் சாட்டப்பட்டவருக்கான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வழக்கறிஞர் ஜான் குக் குற்றப்பத்திரிகையை வாசிக்கத் தொடங்குகிறார். கொஞ்சம் பொறு என்பதுபோல் சார்லஸ் தம் கைத்தடியால் அவரைத் தட்டுகிறார். தட்டியதில் தடியின் வெள்ளிக் குமிழ் கழன்று தரையில் விழுகிறது. யாராவது குனிந்து எடுத்துக் கொடுப்பார்கள் என்று அரசர் ஒரு கணம் பார்க்கிறார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரே குனிந்து எடுத்துக்கொள்கிறார்.

ஜான் குக்கை ‘அரசுத் தரப்பு வழக்கறிஞர்’ என்று எழுதத்தான் கை போனது, பாதியில் நின்றுவிட்டது. அரசரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அரசுத் தரப்பு எது? சார்லஸும் அதைத்தான் கேட்டார். எந்த அதிகாரத்தால் என்னை இங்கே கொண்டுவந்தீர்கள்? சட்டப்படியான அதிகாரத்தைக் கேட்கிறேன். மற்றபடி வழிப்பறிக் கொள்ளையர்களுக்கும்கூட ஒருவகை அதிகாரம் உண்டே என்றார். மக்களின் பெயரால் விசாரிக்கிறோம், அவர்கள் தேர்ந்தெடுத்த அரசர் நீங்கள் என்றது நீதிமன்றம். இங்கிலாந்து எந்தக் காலத்தில் தேர்தலால் அரசரைப் பெற்றது, ஆயிரம் ஆண்டுகளாக வாரிசு முறைதானே என்று திருப்பிக் கேட்டார் சார்லஸ். வாதமாகப் பார்த்தால் அவர் பக்கம் பலம் அதிகம். பத்து நாள் கழித்து அவர் தலை துண்டிக்கப்பட்டது.

இறையாண்மை என்ற சொல்லுக்குள் இருக்கும் சிக்கல் முழுவதும் அந்த மண்டபத்தில் இருந்தது. ஒரு நாட்டில் எல்லா வழக்கும் எங்கோ ஓரிடத்தில் முடியவேண்டும். அதற்குமேல் முறையீடு இல்லை என்ற இடம் ஒன்று வேண்டும். அந்த இடத்தில் இருப்பவரே இறையாண்மை உடையவர். சரி, அந்த இடம் எது என்பதிலேயே வழக்கு வந்துவிட்டால் யாரிடம் போய் முறையிடுவது? கடந்த 450 ஆண்டு அரசியல் சிந்தனையில் பெரும்பகுதி இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது.

தமிழில் நாம் பயன்படுத்தும் சொல்லையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். ‘இறை’ என்றால் கடவுள், அரசன், வரி மூன்றுமே. வரி இல்லாமல் விடப்பட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘இறையிலி’ என்கின்றன. முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்களுக்கு இறையென்று ‘வைக்கப்படும்’ என்கிறது குறள். அந்தச் செயப்பாட்டுவினையைக் கவனிக்கவேண்டும்: மன்னன் தானாக இறையாகிவிடுவதில்லை, ஆக்கி வைக்கப்படுகிறான். இலங்கைத் தமிழர்கள் ‘இறைமை’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஐரோப்பிய மொழிகளில் இந்தச் சொல்லின் வேருக்கு ‘மேலே இருப்பது’ என்றுதான் பொருள். நம் சொல்லில் கடவுளும் வரியும் ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயலான வசதி, ஏனென்றால் இந்தக் கருத்துக்கு முதலில் இலக்கணம் எழுதியவர் தடுக்கிவிழுந்த இடங்களும் அவையே.

அவர் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போடின். 1572 ஆகஸ்ட் 24, புனித பர்த்தலோமேயு நாளில் பாரிஸில் புராட்டஸ்டன்டுகள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டுகள், பெரும் பிரபுக்கள், தேவாலயம், நகரசபைகள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்த நாட்டில் அரசரின் சொல் பலவற்றில் ஒன்றாகிவிட்டிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1576இல், போடின் தம் ‘குடியரசு பற்றிய ஆறு நூல்க’ளை வெளியிட்டார். இறையாண்மை என்பது ஒரு நாட்டின் முழுமையான, நிரந்தரமான அதிகாரம் என்று வரையறுத்தார். அதன் அடையாளங்களையும் பட்டியலிட்டார்: யாருடைய சம்மதமும் கேட்காமல் சட்டம் இயற்றுவது, போரும் அமைதியும் அறிவிப்பது, உயர் அதிகாரிகளை நியமிப்பது, கடைசி மேல்முறையீட்டைக் கேட்பது, மன்னிப்பு வழங்குவது, நாணயம் அடிப்பது. இவற்றில் முதலாவது இருந்தால் மற்றவை அதற்குள் அடக்கம் என்றார்.

போடினைப் பற்றிப் பாடநூல்கள் இத்தோடு நிறுத்திவிடும். எனக்கு அவரிடம் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. நூல் வெளிவந்த அதே ஆண்டின் இறுதியில் புளுவா நகரில் பிரான்ஸின் மூவகைக் குடிகளின் பேரவை கூடியது. வெர்மாந்துவா வட்டாரத்தின் சார்பில் மூன்றாம் பிரிவின், அதாவது குருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின், உறுப்பினராகப் போடின் அங்கே போனார். அரசர் மூன்றாம் ஆன்றி புராட்டஸ்டன்டுகள்மீது மறுபடி போர் தொடுக்கப் பணம் கேட்டார். முழுமையான அதிகாரத்தின் ஆசான் எழுந்து நின்று கூடாது என்றார். குடிகளின் சம்மதமில்லாமல் அவர்கள் சொத்தில் அரசர் கைவைக்க முடியாது என்பது அவர் நூலிலேயே இருந்த வாதம். அப்படியானால் அரச நிலங்களையாவது விற்கிறோம் என்றார்கள். அதுவும் முடியாது, அவை நாட்டுக்குச் சொந்தம், அரசருக்கு அனுபவிக்கும் உரிமை மட்டுமே உண்டு என்றார் போடின். அரசருக்கு அவர்மீது இருந்த அபிமானம் அதோடு போயிற்று.

ஆக, முதல் இலக்கணத்திலேயே ‘முழுமையான’ என்ற அடைமொழிக்கு வேலி இருந்தது. கடவுளின் சட்டமும் இயற்கைச் சட்டமும் அரசரைக் கட்டுப்படுத்தும். அவர் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்தும். குடிகளின் குடும்பச் சொத்தைத் தொட முடியாது. இன்றைய ஆட்சியாளர் ஒருவர் இறையாண்மை என்று சொல்லி மேசையைத் தட்டும்போது, அந்தச் சொல்லைச் செதுக்கியவர் தம் அரசரிடம் ‘முடியாது’ என்று சொன்னவர் என்பதை நினைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

வேலியைப் பிடுங்கிப் போட்டவர் ஆங்கிலேயச் சிந்தனையாளர் தாமஸ் ஹாப்ஸ். சார்லஸின் தலை உருண்டபோது அவர் பாரிஸில் இருந்தார். 1651இல் வந்த அவருடைய ‘லெவியாதன்’ நூலைப் படிக்காதவர்களும் அதன் முகப்புப் படத்தைப் பார்த்திருப்பார்கள். மலைகளுக்குப் பின்னாலிருந்து எழும் முடிசூடிய ராட்சத உருவம். வலக்கையில் வாள், இடக்கையில் கிறிஸ்தவ ஆயரின் செங்கோல். அருகில் போய்ப் பார்த்தால் அந்த உடம்பு முழுவதும் மனிதர்கள், நூற்றுக்கணக்கில். அத்தனை பேரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த முகத்தையே பார்க்கிறார்கள். அந்த ஒரு முகம் மட்டும் நம்மைப் பார்க்கிறது. கீழே ஒழுங்கான ஊர் ஒன்று தெரிகிறது. தெருக்களில் அநேகமாக ஆளே இல்லை. எல்லோரும் மேலே அந்த உடம்புக்குள் போய்விட்டார்கள் போலும்.

ஹாப்ஸின் வாதம் இந்தப் படத்தின் உரை. பொது அதிகாரம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவருக்குப் பயந்து வாழவேண்டும். ஆகவே எல்லோரும் ஒருவரோடொருவர் ஒப்பந்தம் செய்து தங்கள் உரிமையை ஒரு பொது ஆளிடம் ஒப்படைக்கிறார்கள். ஒப்பந்தம் மக்களுக்குள் நடந்தது. ஆள்பவர் அதில் கையெழுத்திட்டவரே இல்லை. கையெழுத்திடாதவர்மேல் ஒப்பந்தத்தை மீறினார் என்று வழக்குப் போட முடியாது. வாளும் செங்கோலும் ஒரே உடம்பின் இரு கைகளில் இருப்பதும் காரணத்தோடுதான்: மதம் தனி அதிகாரமாக நின்றால் நாட்டுக்கு இரண்டு எஜமானர்கள் ஆகிவிடுவார்கள்.

ஆனால் ஹாப்ஸும் ஒரு சன்னலைத் திறந்து வைத்தார். ஆள்பவருக்குக் காப்பாற்றும் வலிமை இருக்கும்வரைதான் குடிமக்களுக்குக் கீழ்ப்படியும் கடமை. வலிமை போனால் கடமையும் போயிற்று. இதைத் தம் வாழ்விலேயே அவர் செய்து காட்டினார். நாடு கடந்து இருந்த அரச குடும்பத்தின் வட்டாரத்தில் இருந்தவர், நூல் வெளிவந்த பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, அரசரின் தலையை வாங்கிய புதிய குடியரசுக்கே அடங்கி வாழ்ந்தார். சந்தர்ப்பவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. சொன்னதையே செய்தார் என்றும் சொல்லலாம்.

இதுவரை பேசியது வீட்டுக்குள் யார் பெரியவர் என்பது. இறையாண்மைக்கு வெளிமுகம் ஒன்று உண்டு: என் எல்லைக்குள் நீ தலையிடாதே என்று பிற நாடுகளிடம் சொல்லும் உரிமை. இது 1648இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில் பிறந்தது என்பது சர்வதேச உறவுகள் பாடத்தின் பிள்ளையார் சுழி. முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த அந்த உடன்படிக்கைகளை, மூன்ஸ்டர், ஓஸ்னாப்ரூக் என்ற இரண்டு ஊர்களிலும் கையெழுத்தானவற்றை, எடுத்துப் படித்தவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ‘ஒவ்வொரு நாடும் இறையாண்மை உடையது, எவரும் தலையிடக் கூடாது’ என்று அவற்றில் எங்கும் இல்லை. புனித ரோமானியப் பேரரசு அப்போது கலைந்துவிடவும் இல்லை, 1806வரை ஓடியது. ஜெர்மன் சிற்றரசர்கள் அயல்நாடுகளோடு கூட்டணி வைக்கலாம், ஆனால் பேரரசருக்கும் பேரரசுக்கும் எதிராகக் கூடாது என்ற நிபந்தனையோடு. வேடிக்கை என்னவென்றால், உடன்படிக்கைக்குப் பிரான்ஸும் சுவீடனும் உத்தரவாதம் அளித்தன. அதாவது, ஜெர்மன் விவகாரங்களில் தலையிடுவதற்கு அயலாருக்கு எழுத்தில் வாசல் திறந்துவிடப்பட்டது. தலையிடாக் கொள்கையின் பிறப்புச் சான்றிதழாக இதைக் காட்டுகிறோம்.

எதுவும் மாறவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. போப் பத்தாம் இன்னொசென்ட் இந்த உடன்படிக்கை செல்லாது, செல்லாது என்று ஒரு ஆணை பிறப்பித்தார். கத்தோலிக்க அரசர்கள்கூட அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எந்தப் பிரகடனமும் இல்லாமல், கடைசிச் சொல் ஓரிடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. நாடுகளின் சமத்துவம் என்ற கொள்கை பளிச்சென்று எழுத்தில் வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது. குள்ளனும் ராட்சதனைப்போலவே மனிதன்தான். சின்னஞ்சிறு குடியரசும் பெரும் பேரரசைப்போலவே இறையாண்மை உடைய நாடுதான் என்று 1758இல் எழுதினார் சுவிட்சர்லாந்துச் சட்ட அறிஞர் எமர் டி வாட்டெல்.

இந்த அழகான வாக்கியம் கப்பலேறிப் போனபோது என்ன ஆயிற்று? அதைப் பார்க்க நியூசிலாந்தைவிடத் தெளிவான இடம் இல்லை, ஏனென்றால் அங்கே இறையாண்மை என்ற சொல்லே மொழிபெயர்க்கப்படவேண்டியிருந்தது.

1840 பிப்ரவரி 6, வைத்தாங்கி. பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதி வில்லியம் ஹாப்சன் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களுடன் ஒப்பந்தம் செய்கிறார். ஆங்கிலப் பிரதியின் முதல் பிரிவு, தலைவர்கள் இறையாண்மையின் எல்லா உரிமைகளையும் அதிகாரங்களையும் முழுமையாக, எந்த விலக்கும் இல்லாமல் அரசிக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறது. அதை மாவோரியில் பெயர்த்தவர்கள் மதபோதகர் ஹென்றி வில்லியம்ஸும் அவர் மகன் எட்வர்டும். ஓர் இரவில் முடித்த வேலை. இறையாண்மைக்கு அவர்கள் போட்ட சொல் ‘காவனதங்கா’. ஆங்கிலத்தின் ‘கவர்னர்’ என்ற சொல்லை மாவோரி ஒலிக்கு வளைத்து, அதிலிருந்து ஆக்கிய சொல் அது. ஆளுநர் வேலை, நிர்வாகம் என்ற அளவில்தான் அதன் பொருள். இரண்டாம் பிரிவிலோ, நிலங்கள், ஊர்கள், உடைமைகள் மீது தலைவர்களின் ‘தினோ ரங்கதிரதங்கா’வுக்கு, அதாவது முழுத் தலைமைக்கு, அரசி உறுதி தருகிறார். மாவோரிப் பிரதியைக் கேட்ட தலைவருக்கு, ஆளுநர் ஒருவர் வந்து வெள்ளைக்காரர்களை ஒழுங்குபடுத்துவார், நம் தலைமை நம்மிடமே இருக்கும் என்று புரிந்திருந்தால் அதில் ஒரு தவறும் இல்லை.

வேறு சொல் கிடைக்கவில்லை என்றும் சமாதானம் சொல்ல முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1835இல், வடபகுதித் தலைவர்கள் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தில் இதே கருத்துக்கு ‘மனா’ என்ற சொல் இருந்தது. மனா என்பது ஒரு தலைவரின் மதிப்பு, ஆற்றல், ஆளுமை எல்லாம். அந்தப் பிரகடனத்தையும் மாவோரியாக்கியவர் அதே ஹென்றி வில்லியம்ஸ். மனாவைக் கொடுத்துவிடு என்று எழுதியிருந்தால் எந்தத் தலைவர் கையெழுத்திட்டிருப்பார்? ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஆங்கிலப் பிரதியில் இட்டவர்கள் நாற்பது பேர்கூட இல்லை. ஏடுகள் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும்போதே, மே 21 அன்று, நாடு முழுவதன்மீதும் பிரிட்டிஷ் இறையாண்மையை ஹாப்சன் அறிவித்துவிட்டார்.

2014இல், ஒப்பந்தம் மீறப்பட்டதாக மாவோரிகள் தரும் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம், 1840 பிப்ரவரியில் கையெழுத்திட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை என்று முடிவு சொன்னது. அரசிடம் இன்று இருக்கும் இறையாண்மையைப் பற்றித் தாங்கள் எதுவும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. அரசிடம் இறையாண்மை இருப்பதில் சந்தேகமே இல்லை என்று அரசாங்கமும் பதில் சொல்லிவிட்டது. இரண்டு கூற்றும் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தத் தீர்ப்பாயமே 1975இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் உண்டானது என்பதையும் கவனித்தால், ‘எந்த அதிகாரத்தால்?’ என்ற சார்லஸின் கேள்வி காதில் விழும்.

ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ‘மக்களின் பெயரால்’ என்று அவசரத்துக்குச் சொன்ன பதிலை முழுக் கொள்கையாக்கியவர் ஜெனீவாவில் பிறந்த சிந்தனையாளர் ரூசோ. 1762இல் அவர் சொன்னது: இறையாண்மை மக்களிடமே இருக்கிறது, அதை யாருக்கும் மாற்றித் தர முடியாது, பிரதிநிதிகளிடம்கூட ஒப்படைக்க முடியாது. ஆங்கிலேயர் தங்களைச் சுதந்திரமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே அவர்கள் சுதந்திரமானவர்கள், தேர்ந்தெடுத்து முடிந்ததும் அடிமைகள் என்று கிண்டலடித்தார். 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் மூன்றாம் பிரிவு, எல்லா இறையாண்மைக்கும் மூலம் தேசத்திடமே இருக்கிறது என்றது. ரூசோ ‘மக்கள்’ என்றதைப் பிரகடனம் ‘தேசம்’ ஆக்கியது சின்ன மாற்றமாகத் தெரியலாம். மக்களை எண்ணிப் பார்க்க முடியும், கேட்டுப் பார்க்க முடியும். தேசத்தின் சார்பில் எவர் வேண்டுமானாலும் பேசலாம், பேசினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் ஆஸ்டினுக்கு இந்த உயரங்களில் நம்பிக்கை இல்லை. பெரும்பாலோர் ஒருவருக்குப் பழக்கமாகக் கீழ்ப்படிகிறார்கள், அவருக்கோ வேறு யாருக்கும் கீழ்ப்படியும் பழக்கம் இல்லை. இந்த இரண்டும் பொருந்துபவரே இறையாண்மை உடையவர் என்று கணக்குத் தீர்த்துவிட்டார். 1961இல் மற்றொரு ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எச். எல். ஏ. ஹார்ட் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டையைக் காட்டினார். பழைய அரசர் நேற்று இறந்தார், மகன் இன்று காலை பட்டத்துக்கு வந்தார். அவருக்குக் கீழ்ப்படியும் ‘பழக்கம்’ இன்னும் எவருக்கும் வரவில்லையே, ஆனாலும் அவர் இடும் முதல் ஆணையே சட்டமாகிறதே, எப்படி? அடுத்தவர் யார் என்று சொல்லும் விதி ஒன்றை எல்லோரும் முன்பே ஏற்றிருப்பதால். அப்படியென்றால் அரசருக்கு முன்னால் விதி வந்துவிடுகிறது. எனக்கு இந்த எளிய உதாரணம் தடித்த நூல்கள் பலவற்றைவிடப் பயன்பட்டிருக்கிறது.

விதிகள் நின்றுபோகும் நேரத்தில்தான் உண்மை தெரியும் என்றவர் ஜெர்மானியச் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட். விதிவிலக்கான நிலை எது என்று முடிவு செய்பவரே இறையாண்மை உடையவர் என்ற அவருடைய 1922ஆம் ஆண்டு வாக்கியம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கூர்மையான வாக்கியம்தான். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் அமைந்த வைமார் குடியரசின் அரசமைப்பில் 48ஆம் பிரிவு அவசரநிலை அதிகாரங்களைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருந்தது. 1933 பிப்ரவரி 28 அன்று, நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததற்கு மறுநாள், அந்தப் பிரிவின்படி குடிமக்களின் அடிப்படை உரிமைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ‘நிறுத்தி வைத்த’ ஆணை 1945வரை நீக்கப்படவே இல்லை. ஷ்மிட் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அவர் வரையறையை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தத் தகவலையும் அதே மூச்சில் சொல்லலாம்.

1945க்குப் பிறகு இறையாண்மை ஒரு உறுப்பினர் அட்டையைப்போல் ஆனது. ஐ.நா. சாசனத்தின் இரண்டாம் பிரிவு எல்லா உறுப்பு நாடுகளின் இறையாண்மைச் சமத்துவத்தை அடிப்படையாக வைக்கிறது. அதே சாசனம் ஐந்து நாடுகளுக்குத் தடுப்பதிகாரம் (வீட்டோ) தருகிறது. 51 நாடுகளோடு தொடங்கிய மன்றத்தில் இன்று 193. ஒரு நாடு என்றால் என்னென்ன வேண்டும் என்று 1933இன் மான்டிவீடியோ உடன்படிக்கை நான்கைச் சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். நடப்பில் இந்த நான்கும் இருந்தும் அட்டை கிடைக்காதவர்கள் உண்டு, இல்லாமலேயே அட்டை பறிபோகாதவர்களும் உண்டு. 1991இல் சோமாலியாவின் மத்திய அரசாங்கம் நொறுங்கியது. பல ஆண்டுகள் தலைநகரையே யாரும் முழுமையாக ஆளவில்லை. ஐ.நா.வில் அதன் உறுப்புரிமை அப்படியே இருந்தது. அதே ஆண்டு பிரிந்துபோவதாக அறிவித்த சோமாலிலாந்து தனி நாணயம் அடித்து, தேர்தல் நடத்திக்கொண்டிருக்கிறது, மன்றத்தில் இடமில்லை. தைவானுக்குப் படை உண்டு, கடவுச்சீட்டு உண்டு, தேர்ந்தெடுத்த தலைவர் உண்டு. முறைப்படி அங்கீகரிக்கும் நாடுகளோ ஒரு டஜன் அளவில்தான்.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஸ்டீபன் கிராஸ்னர் 1999இல் இதை ‘ஒழுங்கமைந்த பாசாங்கு’ என்றார். இறையாண்மை என்ற ஒரே சொல்லில் நாம் நான்கு வேறு சங்கதிகளைப் பேசுகிறோம் என்பது அவர் வாதம்: உள்நாட்டில் ஆளும் திறன், எல்லையைத் தாண்டி வருவதையும் போவதையும் கட்டுப்படுத்தும் திறன், சட்டப்படியான அங்கீகாரம், வெளியார் தலையீடு இல்லாமை. ஒன்று இருந்தால் மற்றது இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கவும் செய்யலாம்.

பிரிட்டனில் 2016இல் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இறையாண்மையை மீட்டு நாடாளுமன்றத்திடம் கொடுப்போம் என்று பிரசாரம் நடந்தது. வாக்கெடுப்பில் வென்ற பிறகு, வெளியேறும் அறிவிப்பை அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டுமா என்று வழக்கு வந்தது. வேண்டும் என்று நீதிபதிகள் சொன்னதும், ஒரு நாளிதழ் அவர்களைத் ‘மக்களின் எதிரிகள்’ என்று முதல் பக்கத்தில் படம் போட்டுத் திட்டியது. வெளியாரிடமிருந்து இறையாண்மையைப் பிடுங்கியாயிற்று; உள்ளே அதை யார் கையில் வைப்பது? மக்களா, நாடாளுமன்றமா, அரசாங்கமா? அதே ஊரில், 1649இல் விட்ட இடத்திலிருந்து விவாதம் தொடர்ந்தது.

உள்ளே ஆள்பவரே கொலைகாரராகிவிட்டால் வெளியார் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டுமா என்பது இந்தக் கதையின் மிகக் கடினமான கிளை. 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தபோது உலகம் பார்த்துக்கொண்டு நின்றது. 1999இல் கொசோவோ விவகாரத்தில் பாதுகாப்பு அவையின் அனுமதியில்லாமல் நேட்டோ குண்டு போட்டது. இரண்டும் சரியில்லை என்ற சங்கடத்திலிருந்து, இறையாண்மை என்பது குடிமக்களைக் காக்கும் பொறுப்பு என்ற புதிய பேச்சு வந்தது, 2005 ஐ.நா. உச்சி மாநாடு அதை ஏற்றது. ஹாப்ஸ் இதைக் கேட்டிருந்தால் பழைய சரக்கு என்று சொல்லியிருப்பார். 2011இல் லிபியாவில் பொதுமக்களைக் காக்கப் பாதுகாப்பு அவை அனுமதி தந்தது. அந்த அனுமதி ஆட்சிக் கவிழ்ப்பில் போய் முடிந்தது. இந்த அனுமதியில் வாக்களிக்காமல் ஒதுங்கிநின்ற ரஷ்யாவும் சீனாவும் சிரியா விவகாரத்தில் தடுப்பதிகாரத்தைக் கையில் எடுத்தன. கொள்கையாக இது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் பொறுப்பில் தவறினார் என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் எப்போதும் பலசாலிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பொறுப்பைக் கேட்க மன்றம் இல்லை.

கடைசியாக, வாட்டெலின் குள்ளனிடம் வருவோம். பசிபிக்கின் துவாலு நாட்டில் ஏறக்குறைய பதினோராயிரம் பேர் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஐ.நா. உறுப்பினரானது, பொதுச்சபையில் சீனாவுக்கு இருக்கும் அதே ஒரு வாக்கு அதற்கும் உண்டு. நாட்டின் மிக உயரமான இடமே கடல்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் அளவுதான் மேலே. கடல் ஏறிவருகிறது. மான்டிவீடியோ பட்டியலின் இரண்டாவது நிபந்தனை கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறது.

2023இல் துவாலு தன் அரசமைப்பைத் திருத்தியது. பருவநிலை மாற்றத்தால் நிலப்பரப்பு போனாலும் துவாலு என்ற நாடு என்றென்றும் நீடிக்கும் என்று எழுதிக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி ஒன்றியம் என்ற உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 2024 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. கடல் ஏறினாலும் துவாலுவின் நாட்டுத்தகுதியும் இறையாண்மையும் தொடரும் என்று ஆஸ்திரேலியா அதில் ஒப்புக்கொள்கிறது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேற வழி செய்கிறது. அதன் நான்காம் பிரிவு வேறொன்றையும் சொல்கிறது: பாதுகாப்பு தொடர்பாக வேறு எந்த நாட்டோடு துவாலு ஏற்பாடு செய்துகொண்டாலும் அதற்கு ஆஸ்திரேலியாவின் இசைவு வேண்டும். நாளைக்கு நிலமில்லாமலும் நாடாக இருப்பதற்கான ஒப்புதல் ஒரு பக்கம். இன்று யாரோடு கைகோப்பது என்பதில் இன்னொருவரின் சம்மதம் மறுபக்கம். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன, கையெழுத்திட்டிருப்பவர்கள் இரண்டு இறையாண்மை நாடுகளின் பிரதமர்கள்.